சேர்வராயன் மலையில் துப்பாக்கி

சேர்வராயன் மலையில் துப்பாக்கிக்கு முதல் எதிரி ஈரம். ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டும். ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை, தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாக இரண்டு பங்காகப் பெய்கிறது. மழை ஓய்ந்த நாளிலும் மூடுபனி வந்து கதவிடுக்கு வழியே வீட்டுக்குள் நுழையும். சேலத்தில் உலர்ந்திருந்த வெடிமருந்து மலையேறினால் பிசுபிசுக்கும். எண்ணெய் போடாத இரும்பு சில நாளில் பழுப்பேறும். இந்த மலையில் திரித்துப்பாக்கியிலிருந்து கைக்கடக்கமான பிஸ்டல் வரை எது வந்தபோதும், அது சுடுமா என்பதைவிடச் சுடாமல் போனால் ஏன் போகிறது என்ற கேள்வியே பெரிதாக இருந்திருக்கிறது.

துப்பாக்கிக்கு முன்பே இங்கே வேட்டை இருந்தது. ஏற்காட்டில் வாழ்ந்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்த மலையில் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். உழும்போதும் மண் அரிக்கும்போதும் கிடைத்த அத்தகைய கற்களை ஊர்மக்கள் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வந்ததையும் பதிவு செய்தார். மலையாளி மக்களின் பூர்வக் கதையிலும் வேட்டை உண்டு. காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் வேட்டைக்குப் போக, நாய்கள் மட்டும் வீடு திரும்பியதால் அவர்கள் இறந்துவிட்டதாக எண்ணப்பட்டார்கள் என்றும், பிறகு ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்றும் அந்தக் கதை போகிறது. வலை, கண்ணி, ஈட்டி, நாய் ஆகியவை பழகிய கைகளுக்குத் துப்பாக்கி பின்னால் வந்த துணை.

முதலில் வந்தது திரித்துப்பாக்கி. குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கெஜக்கோலால் இடித்து, மேலே ஈயக்குண்டோ ரவையோ போட்டுக் கெட்டிப்பார்கள். குழலின் அடியில் பக்கவாட்டில் பற்றுவாய் என்ற சிறு துளை இருக்கும். அதன் அருகே உள்ள குழிவில் கொஞ்சம் நயமான மருந்தை வைத்து, வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த திரியின் கனலை அதில் இறக்கினால் நெருப்பு உள்ளே ஓடும். அமைப்பு எளிது, கொல்லரால் செய்ய முடிந்தது, உடைந்தால் ஊரிலேயே சரிசெய்யலாம். ஆனால் மழைத்தூறலில் திரி அணையும், காற்றில் குழிவு மருந்து பறக்கும். இரவில் திரியின் கனலே வேட்டைக்காரன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மருந்திலும் ஒரு குறை இருந்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற மூன்றில் ஈரத்தால் பழுதாவதற்கு வாய்ப்பு அதிகமுள்ளது வெடியுப்பு. தூய்மையான வெடியுப்பு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. அதோடு கலந்துவரும் சோற்றுப்பும் பிற உப்புகளுமே காற்றிலுள்ள நீரைக் குடிக்கும். உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தவர்கள் இரண்டாம் முறை காய்ச்சி வடிக்காமல் விட்டால், அந்தச் சோம்பலின் விலையை மலைமேல் இருப்பவர் கொடுக்க வேண்டியிருந்தது. நமத்துப்போன மருந்து புஸ்ஸென்று புகைந்து அடங்கும். சில நேரம் அதைவிடக் கெடுதலாக, குழிவு மருந்து எரிந்து முடிந்தும் குழலுக்குள் நெருப்பு தாமதமாகப் போய்ச் சேரும். வெடிக்கவில்லை என்று நினைத்துக் குழலைத் திருப்பிப் பார்த்தவரின் முகத்திலேயே அது வெடிக்கக்கூடும். சுடாத துப்பாக்கியை உடனே திருப்பாமல், வாய் காட்டுப்பக்கம் நோக்கியபடியே சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும் என்ற விதி இன்றைய பயிற்சிக்கூடங்களிலும் அப்படியே சொல்லித் தரப்படுகிறது.

கருமருந்து எரியும்போது அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மாறும். நாலைந்து சுடுகைக்குப் பிறகு குழலின் உட்சுவரில் கசடு படிந்து, குண்டு பாதியிலேயே சிக்கும். அந்தக் கசடும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கெஜக்கோலால் துடைத்து, எண்ணெய் தடவி, அடுப்புக்கு மேல் சாத்தி வைப்பதைத் தவிர வேறு மருந்து அதற்கு இல்லை.

1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. கும்பினிச் சிப்பாய்களிடம் இருந்தவை சிக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கிகள். திரி வேண்டாம், ‘குதிரை’ என்ற சுத்தியலில் பூட்டிய கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி கிளப்பும். ஆனாலும் தகடு நனைந்தால் பொறி இல்லை, கல் மழுங்கினால் பொறி இல்லை, குழிவு மருந்து நனைந்தால் பொறி இருந்தும் பயனில்லை. நல்ல கல் கிடைப்பதே அரிதான ஊர்களில் திரித்துப்பாக்கி இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்ததில் வியப்பில்லை. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் தெற்குச் சீமையில் கும்பினி ஆயுதங்களைப் பறித்து, கோட்டைகளை இடித்தது. ஆயுதம் வைத்திருப்பது அரசு பார்த்துக் கொடுக்கும் உரிமை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றிய காலம் அது.

சேலத்தில் 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து வந்த தோட்டக்காரர்களோடு புதுவகைத் துப்பாக்கிகளும் மலையேறின. இதற்குள் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியார் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு தீமூட்டும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றிருந்தார். குழிவு மருந்து எரியும் பளிச்சில் பறவைகள் தப்பிப் பறந்துவிடுவது அவருக்குப் பெரும் தொல்லையாக இருந்ததாம். அந்த ரசாயனத்தை விரல்நுனி அளவுச் செம்புத் தொப்பியில் அடைத்து, குழலடியில் உள்ள காம்பின் மேல் மாட்டினால் ‘கேப்’ ஆயிற்று. குதிரை அதன்மேல் அடித்ததும் நெருப்பு நேரே குழலுக்குள் பாயும். 1834இல் இங்கிலாந்தின் வூலிச்சில் இரண்டு முறைகளையும் ஆறாயிரம் முறை வீதம் சுட்டுப் பார்த்தார்கள். சிக்கிமுக்கி 922 தடவை ஏமாற்றியது. கேப் ஏமாற்றியது 36 தடவை. ஈரத்துக்கு எதிராகத் துப்பாக்கி பெற்ற முதல் பெரிய வெற்றி இதுதான்.

கேப்பு வைக்கும் வாய்க்கெட்டுத் துப்பாக்கியே மலைவாழ் மக்களின் ‘நாட்டுத் துப்பாக்கி’யாக நிலைத்தது. சாமையும் ராகியும் கதிர்விடும் காலத்தில் பன்றி ஒரே இரவில் கொல்லையை உழுதுபோட்டுவிடும். பரண்மேல் விழித்திருந்தவருக்கு அந்தத் துப்பாக்கியின் சத்தமே பாதிக் காவல். அதன் பழுதுகளும் எளிதில் பிடிபடுபவை. காம்பின் துளை கசடால் அடைத்திருந்தால் கேப்பு வெடித்தும் மருந்து பற்றாது. ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். குதிரையின் வில் தளர்ந்தால் அடி விழுந்தும் கேப்பு வெடிக்காது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு இடித்தால் குழலே பிளக்கலாம். இந்தக் கடைசிப் பழுது கையையும் கண்ணையும் கொண்டுபோகக் கூடியது. முறையாகச் சோதிக்காத குழல்களில் அந்த ஆபத்து பன்மடங்கு.

அடுத்த மாற்றம் மலைக்கு வெகுதொலைவில் நடந்து, மலைவரை வந்து தொட்டது. உள்வரி வெட்டிய என்ஃபீல்டு துப்பாக்கியில் கசடு படிந்த குழலுக்குள் குண்டு சிக்காமல் இறங்கவும், மருந்து நனையாமலிருக்கவும் காகிதத் தோட்டாவின் மேல் கொழுப்புத் தடவினார்கள். அடைப்புக்கும் ஈரத்துக்கும் கண்டுபிடித்த அந்தத் தீர்வு மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற ஐயம் 1857இல் பெரும் கிளர்ச்சிக்குத் தீப்பொறிகளில் ஒன்றாயிற்று. கிளர்ச்சியைத் தொடர்ந்து 1860இல் ஆயுதச் சட்டம் வந்தது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட இறுக்கியது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. ஒரே பன்றியை ஒரே மலையில் விரட்டிய இருவரில் காப்பித் தோட்டத்துத் துரைக்குக் காகிதம் வேண்டியதில்லை, பக்கத்துக் கொல்லைக்காரருக்கு வேண்டும். 1920களின் தொடக்கத்தில்தான் அந்த இன வேறுபாடு நீங்கியது. அது நீண்ட நாள் நிலைத்த அநீதி. இதற்கிடையே 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து வேட்டைக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

தோட்டத்து பங்களாக்களில் 1860களுக்குப் பிறகு பின்பக்கம் மடித்துத் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இடம்பிடித்தன. மருந்து, கேப்பு, ரவை எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கியதால் ஈரத் தொல்லை தீர்ந்ததாக எண்ணினார்கள். ஆனால் உறை காகித அட்டையால் ஆனது. மழைக்காலத்தில் அது உப்பி, குழலறைக்குள் நுழையாது. வலிந்து நுழைத்தால் சுட்ட பிறகு வெளியே வராது. வெடிக்காமல் போவது என்ற பழைய நோயின் இடத்தில் சிக்கிக்கொள்வது என்ற புதிய நோய் வந்தது. பித்தளை உறைகளுக்கு மாறுவதும், தோட்டாக்களைக் காற்றுப்புகாத தகரப் பெட்டியில் வைப்பதும் வெப்ப நாடுகளில் வழக்கமாயின. பிளாஸ்டிக் உறை வந்த பிறகே அந்தத் தொல்லை முழுதாக ஒழிந்தது.

1880களில் புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் முகவரி நீலகிரியின் அரவங்காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கசடு மிகக் குறைவாக இருந்ததால், தானே உறையைத் தள்ளித் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி நடைமுறைக்கு வந்தது. கருமருந்தோடு அத்தகைய பொறி விரைவில் அடைத்துப்போயிருக்கும். ஜான் பிரௌனிங் உருவாக்கிய .32 தோட்டாவும் அதற்கான 1900ஆம் ஆண்டுப் பிஸ்டலும் சட்டைப்பை அளவுக் கைத்துப்பாக்கிக்கு வழி திறந்தன. படைகள் பயன்படுத்தும் தோட்டாவகைகள் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருப்பதால், உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் .32 அளவே பரவலாக உள்ளது. மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலை செய்யும் ‘அஷானி’ பிஸ்டலும் அந்த அளவுதான்.

இத்தகைய சிறு பிஸ்டல் புதிதாக வாங்கியதும் அடைப்பது அரிதல்ல. காரணம் அதன் அளவிலேயே இருக்கிறது. சுட்டதும் மேல்தகடான ஸ்லைடு பின்னால் ஓடி, வெற்றுறையை உருவி எறிந்து, முன்னால் திரும்பும்போது மேகசினின் உச்சியிலுள்ள தோட்டாவைச் சரிவில் ஏற்றி அறைக்குள் தள்ள வேண்டும். பெரிய பிஸ்டலில் இதற்குத் தாராளமான தூரமும் நேரமும் உண்டு. சின்னதில் ஸ்லைடு ஓடும் தூரம் குறுகியது, சுருள்வில் விறைப்பானது, மேகசின் வில் தோட்டாவை மேலே தூக்கக் கிடைக்கும் கணமும் குறைவு. உராயும் பரப்புகள் இன்னும் தேயாத புதுப்பொறியில் சிறு தடையும் சங்கிலியை அறுத்துவிடும்.

அடைப்பு எங்கே நின்றது என்பதைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரியும். தோட்டாவின் மூக்கு சரிவில் முட்டி நின்றால் மேகசினைச் சந்தேகிக்க வேண்டும்: அதன் உதடு வளைந்திருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம். வெற்றுறை புகைபோக்கிபோல் மேல்நோக்கிக் கவ்வப்பட்டு நின்றால் ஸ்லைடு முழுத்தூரம் ஓடவில்லை. தோட்டா வலுக்குறைந்ததாக இருக்கலாம், அல்லது சுட்டவரின் மணிக்கட்டு தளர்ந்து உதையை விழுங்கியிருக்கலாம். உறை அறைக்குள்ளேயே தங்கினால் இழுக்கும் கொக்கியில் அழுக்கோ அறையில் துருவோ இருக்கும். .32 தோட்டாவுக்கென்று தனியாக ஒரு கோளாறும் உண்டு. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே துருத்தியிருக்கும். மேகசினுக்குள் மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும்; எத்தனை முறை ஸ்லைடை இழுத்தாலும் அசையாது. ஒவ்வொன்றையும் போடும்போது மேல்விளிம்பு முன்னால் நிற்கிறதா என்று பார்த்துப் போடுவதே வழி. மேகசின்களுக்கு அடையாளமிட்டு வைத்தால், அடைப்பு ஒரே மேகசினோடு வருகிறதா, எல்லாவற்றோடும் வருகிறதா என்பது விளங்கும். இந்த ஒரு காரியமே பாதிப் பழுதுகளுக்கு விடை சொல்லிவிடும்.

மலையில் இதோடு பழைய ஈரமும் சேர்கிறது. துருவுக்குப் பயந்து எண்ணெயை அள்ளிப் பூசினால் அது தூசியைப் பிடித்துக் குழம்பாகும். தோட்டாவின் அடியிலுள்ள பற்றுப்பொருளுக்குள் கசிந்தால் வெடிக்காமலும் போகும். தோலுறைக்குள்ளேயே துப்பாக்கியை மாதக்கணக்கில் விட்டால் தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து, தொட்ட இடமெல்லாம் துருவேற்றும். மெல்லியதாக எண்ணெய் தடவித் துடைத்து, உலர்ந்த பெட்டியில் வைப்பது போதும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் பயிர்க்காவலுக்கு வாய்க்கெட்டுத் துப்பாக்கி என்று பெயர் சொல்லியே இடம் வைத்திருக்கிறார்கள். அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழக்குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். ஆயினும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. உரிமமின்றி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைக்கும்படி மலைக்கிராமங்களில் காவல்துறை கேட்டுக்கொள்வதும், மக்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதும் சேலம், தருமபுரி மலைகளில் பலமுறை நடந்திருக்கின்றன. ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். குதிரை வில்லை ஊர் உலையில் தட்டி நிமிர்த்திய காலம் போய்விட்டது. சிக்கும் பிஸ்டலை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தேர்தல் காலத்தில் உரிமக்காரர்கள் தங்கள் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. திரும்ப வாங்கும்போது முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு அறையில் தோட்டா இருந்தால் நீக்கி, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, பிறகு குழலின் உள்ளே துரு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார்கள்.