ஒரோச்சி: ஊமைப்படக் காலத்து வாள்வீரன்

யப்பானில் சலனப்படம் வேரூன்றிய நாட்களில் வாட்போர்க் காட்சிகள் கபூக்கி நாடக மேடையையே அடியொற்றி அமைந்தன. ஒனோயே மட்சுனொசுகே போன்ற நடிகரின் படங்களிலே வீரன் மெல்ல அசைவான். அழகிய நிலைகளில் நின்று காட்டுவான். 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பம் தோக்கியோவின் படப்பிடிப்பு நிலையங்களைச் சிதைத்தபின், கியோத்தோ நகரின் படத்தொழில் மேலும் வலுப்பெற்றது. அங்கே எழுந்த இளைய தலைமுறையினர் பழைய மரபை மாற்றினர். 1925இல் வெளிவந்த 'ஒரோச்சி' என்னும் ஊமைப்படம் அம்மாற்றத்துக்குச் சிறந்த சான்றாகும்.

புத்தாகாவா புந்தாரோ இயக்கிய இப்படத்திலே, பந்தோ த்சுமசபுரோ என்னும் இளம் நடிகர் எய்சபுரோ என்னும் தாழ்நிலைச் சாமுராயாகத் தோன்றுகிறார். எய்சபுரோ நேர்மையுள்ளவன், ஆயினும் முன்கோபி. உயர்குலத்து இளைஞனொருவன் மூட்டிய சண்டையின் பழி அவன் தலையில் விழுகிறது. ஆசிரியர் அவனை விலக்குகிறார். ஆசிரியரின் மகளும் அவனைத் தவறாக எண்ணுகிறாள். அவன் செய்யும் ஒவ்வொரு நற்செயலும் குற்றமாகவே கொள்ளப்படுகிறது. ஊரார் போற்றும் தலைவனோ உள்ளே கொடியவன். அவன் பிடியிலிருந்து, ஒருகாலத்தில் தான் விரும்பிய அப்பெண்ணையும் அவள் கணவனையும் காக்கவே எய்சபுரோ இறுதியில் வாளை உருவுகிறான்.

அந்த இறுதிப் போரில் கூத்தின் நளினம் இல்லை. காவலர் கூட்டங்கூட்டமாய்ச் சூழ்கின்றனர். கூந்தல் அவிழ, மூச்சிரைக்க, களைத்துத் தள்ளாடியபடியே அவன் பொருதுகிறான். முடிவிலே கட்டுண்டு வீதிவழியே செல்லும்போது, கூட்டம் அவனைத் தீயவனென்று இகழ்கிறது. அவன் காத்த அவ்விருவர் மட்டுமே உண்மையை அறிவர்.

தீயவரென்று பெயர்பெற்றோர் யாவரும் தீயவரல்லர். சான்றோரென்று மதிக்கப்படுவோர் யாவரும் சான்றோருமல்லர் என்பதே படத்தின் கருத்து. அதிகாரிகளுக்கு இது உவப்பளிக்கவில்லை. போக்கிரி என்று பொருள்படும் முதற்பெயர் தணிக்கையால் மாற்றப்பட்டது. காட்சிகள் சிலவும் வெட்டப்பட்டன. மகாசர்ப்பம் எனப் பொருள்தரும் 'ஒரோச்சி' என்ற பெயர் அவ்வாறே வந்தது.

யப்பானிய ஊமைப்படங்களிற் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. 'ஒரோச்சி' எஞ்சியது. ஊமைப்படமெனினும், அந்நாட்டு அரங்குகளில் அவை மௌனமாய் ஓடியதில்லை. திரையருகே அமர்ந்த பென்ஷி என்னும் உரையாளர் கதையைச் சொல்லி, பாத்திரங்களின் குரல்களிலும் பேசினார். பேசும்படம் வந்தபின் அக்கலை தேய்ந்தது. அதை விடாது பேணிய மட்சுதா ஷுன்சுயி, பழைய படச்சுருள்களையும் தேடிச் சேர்த்தார்; 'ஒரோச்சி'க்கும் தம் குரலை வழங்கினார். அவர் 1987இல் மறைந்தார். அவருடைய உரை படத்துடன் நிலைத்தது. உலகம் செவிமடுக்க மறுத்த எய்சபுரோவின் நியாயத்தை, பின்வந்த தலைமுறையினர் அக்குரல்வழியே கேட்டறிந்தனர்.