கொடையும் நிபந்தனையும்

பொதுவில் வைக்கப்பட்ட அறிவு முற்றாகப் பொதுவுடைமையாகி விடுகின்றதா? கணினித்துறையின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேஸ்புக் நிறுவனம், இணையத்தள முகப்புகளை அமைக்க உதவும் ரியாக்ட் என்னும் மென்பொருளின் மூலநிரலை எவரும் எடுத்தாளலாமென வெளியிட்டது. 2014இல் அதன் உரிமத்துடன் காப்புரிமை பற்றிய தனிப்பத்திரமொன்று இணைக்கப்பட்டது. பேஸ்புக் மீது காப்புரிமை வழக்குத் தொடுப்பவர், அவ்வழக்கு ரியாக்டுடன் தொடர்பற்றதாயினும், ரியாக்ட் தொடர்பான காப்புரிமை அனுமதியை இழப்பர் என்பதே அதன் சாரம். தன் கண்டுபிடிப்பைப் பறிகொடுத்த சிறு நிறுவனமும் நீதிமன்றஞ் செல்ல அஞ்சவேண்டிய நிலை இதனால் உருவாயிற்று.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் 2004ஆம் ஆண்டு உரிமத்திலும் அனுமதியை மீளப்பெறும் விதி உண்டு. ஆயின், வழக்கு அதே மென்பொருளைப் பற்றியதாயின் மாத்திரமே அது செயற்படும். இவ்வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னையது வழங்கியவரைக் காக்கின்றது. பின்னையது பொதுவில் வைத்த பொருளைக் காக்கின்றது.

2017 யூலையில் அவ்வறக்கட்டளை, பேஸ்புக்கின் நிபந்தனை தாங்கிய நிரலைத் தன் திட்டங்களிற் சேர்ப்பதற்குத் தடைவிதித்தது. செப்டெம்பரில், வேர்ட்பிரஸ் நிறுவுநர்களுள் ஒருவரான மாட் முல்லன்வெக் ரியாக்டைக் கைவிடும் முடிவை அறிவித்தார். பேஸ்புக் பணிந்தது. அம்மாதமே ரியாக்ட், அந்நிபந்தனையற்ற எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வந்தது.

எடுத்தாண்டவர்கள் ஒன்றுபட்டு மறுத்தமையே இம்மாற்றத்தை விளைவித்தது. இரவல் நிரலின்மீது நம் உழைப்பைக் கட்டியெழுப்புமுன், அதனை மீளப்பெறும் அதிகாரம் எவர் கையில் உள்ளதென வினவுவோமாக. வழங்கியவரின் தயவில் தங்கியிருக்கும் உரிமை, உரிமையாகாது.