பழவேற்காடு ஒல்லாந்தர் கல்லறைகள்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) விட்டுச்சென்ற கல்லறைத் தோட்டங்கள் இரண்டு உள்ளன. கோட்டை இருந்த இடத்தை ஒட்டியது பழையது. 1631 முதல் 1655 வரையிலான 22 கல்லறைகள் அதில் உள்ளன. மதில் சூழ்ந்த மற்றொன்று பிந்தையது, பெரியது. அதில் 76 கல்லறைகள் இருக்கின்றன. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 'டச்சுக் கல்லறை' பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மீன்பிடித்து வாழும் இந்த ஊரில் இத்தனை ஐரோப்பியர் ஏன் அடக்கமானார்கள் என்பதற்குத் துணிதான் விடை. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விற்றவர்கள் பணத்தைவிடச் சோழமண்டலக் கரையின் சாயத் துணியையே விரும்பிக் கேட்டனர். அந்தத் துணியைத் தேடி வந்த ஒல்லாந்தர், விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் இசைவு பெற்று 1610இல் இங்கே பண்டகசாலை வைத்தனர். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கெல்த்ரியா கோட்டை எழுந்தது. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரே கோட்டையின் பெயரானது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, இந்தக் கரையின் ஒல்லாந்த வணிகம் முழுவதும் இங்கிருந்தே ஆளப்பட்டது. இன்றும் மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை 'காயின் பெலிகாட்' என்கிறார்கள்; பழவேற்காடுதான் அங்கே பெலிகாட் ஆகியிருக்கிறது.

பெரிய தோட்டத்தின் நுழைவாயில் 1656ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாயிலின் இருபுறமும் கல்லில் வடித்த இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை காவலுக்கு நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவை உள்ளே வருகிறவருக்கு அவருடைய சாவை நினைவூட்ட நிற்பவை. மண்டையோடு, எலும்பு, மணற்கடிகாரம் ஆகியவை அக்கால ஒல்லாந்தக் கலையில் அடிக்கடி வரும் அடையாளங்கள். உள்ளே தரையில் பதித்த பெரும் பலகைக் கற்களும், மண்டபம்போல் கட்டியவையும், கூர்நுனித் தூண்களும் இருக்கின்றன. கவனித்துப் பார்க்க வேண்டியவை பலகைக் கற்கள். அவற்றில் குலச்சின்னம், பூக்கொடி விளிம்பு, அதற்குக் கீழே இறந்தவரின் பெயர், பதவி, ஊர், நாள் ஆகியவை வரிசையாக வருகின்றன. ஒரு கல்லில் கோட்டையின் உருவமே செதுக்கப்பட்டிருக்கிறது. கோட்டை இடிந்துபோன பிறகு அந்தக் கல்லின் மதிப்பு கூடிவிட்டது.

நம் கோயில் கல்வெட்டுகளில் எழுத்து கல்லுக்குள் இறங்கியிருக்கும். இங்கே அது நேர்மாறு: சுற்றிலுமுள்ள கல்லைக் கொத்தி எடுத்து, எழுத்தைப் புடைப்பாக மேலே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே ஓர் எழுத்து உடைந்தாலும் வரியே கெட்டுவிடும் வேலை. இதைச் செய்தவர்கள் இந்தக் கரையின் கல்தச்சர்கள். சதுரங்கப்பட்டினம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இந்தக் கரையில் செதுக்கிய கற்கள் இலங்கைக்கும் படேவியாவுக்கும்கூட (இன்றைய ஜகார்த்தா) கப்பலில் போயின. தமக்குத் தெரியாத மொழியின் எழுத்தை, கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல உருவமாகவே பார்த்து அவர்கள் செதுக்கியிருக்க வேண்டும். எந்தக் கல்லிலும் செதுக்கியவர் பெயர் இல்லை.

பெயர் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வெடிமருந்துச் சாலை நடத்தினர். அடிமை வணிகமும் நடத்தினர். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், சோற்றுக்கு வழியின்றி விற்கப்பட்டவர்களும் பிடித்து வரப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இங்கிருந்து படேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனி வணிகரின் கல்லில் நாளும் மாதமும் பிசகாமல் இருக்கின்றன. அந்தக் கப்பல்களில் ஏறியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு நடுகல்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்தை ஊர் வரலாறாகப் படிக்கும்போது இந்த இடைவெளியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒல்லாந்தரிலும் முக்கியமான ஒருவருக்கு இங்கே கல் இல்லை. 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து, இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வடமொழிக் கவி பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதலாகப் போனது அதன் வழியாகத்தான். தாயகம் திரும்பிய அவர் 1649இல் இறந்தார். நூல் 1651இல் லைடனில் வெளிவந்தது.

1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் ஒல்லாந்தரின் கவனம் மீண்டும் பழவேற்காட்டின் பக்கம் திரும்பியது. ஆனால் இங்கும் ஆங்கிலேயர் கை ஓங்கி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை தகர்க்கப்பட்டது. 1824 உடன்படிக்கையின்படி மறு ஆண்டு ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் வசமானது. கல்லறைகளை முதலில் முறையாக அளந்து வரைந்தவர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ. சென்னை மாகாணத்து ஒல்லாந்தச் சின்னங்கள் பற்றிய அவருடைய நூல் 1897இல் வெளியானது.

கோட்டை இருந்த இடம் இன்று முட்புதர் மண்டிய மேடு. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது. புடைப்பெழுத்துகளை உப்புக் காற்று மெல்ல அரித்துவருகிறது. சாய்வெயில் விழும் காலையிலோ மாலையிலோ போனால் நிழலின் உதவியால் வரிகளை இன்னும் படிக்கலாம். உச்சிவெயிலில் கல் வெறும் கல்லாகத்தான் தெரியும்.