படித்ததை எழுதி வைத்தவர்கள்

படித்த நூல்களைப் பற்றித் தனக்கென்று குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் அச்சு இயந்திரத்தைவிட மிகப் பழையது. கையால் படியெடுத்த நூல் ஒருமுறை கைமாறிப் போனால் மறுபடி கண்ணில் படும் என்ற உறுதி இல்லை. வேண்டியதைப் படிக்கும்போதே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

ரோமானிய அறிஞர் மூத்த பிளினிக்கு இது ஒரு வெறியாகவே இருந்தது. உணவு வேளையிலும், குளித்தபின் உடம்பைத் துவட்டும்போதும் அவருக்கு யாராவது நூலை உரக்கப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பயணத்திலும் எழுத்தர் பக்கத்திலேயே இருப்பார். குளிரில் கை விறைத்து எழுதுவது நின்றுவிடக் கூடாதென்று எழுத்தருக்குக் கையுறை வேறு. ஒரு விருந்தில் படிப்பவர் ஏதோ சொல்லைத் தவறாக உச்சரிக்க, நண்பர் ஒருவர் திருப்பிப் படிக்கச் சொன்னார். பொருள்தான் புரிந்ததே, இதில் பத்து வரி போயிற்றே என்று பிளினி அவரைக் கடிந்துகொண்டார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அவர் இறந்தார். தாளின் இரு பக்கமும் பொடி எழுத்தில் நிறைந்த 160 குறிப்பேடுகள் அவருடைய சகோதரி மகனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

9-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் வாழ்ந்த போட்டியஸின் குறிப்புகளோ தப்பிப் பிழைத்தன. அரசுப் பணியில் இருந்து, பின்னர் திருச்சபையின் தலைமைப் பேராயரானவர் இவர். சகோதரர் தராசியஸ் கேட்டதற்காகத் தாம் படித்தவற்றைத் தொகுத்தார். மொத்தம் சுமார் 280 குறிப்புகள். சில இரண்டு மூன்று வரி, சில பல பக்கம். சமய நூல், வரலாறு, மருத்துவம், அகராதி, மேடைப்பேச்சு, காதல் கதை எல்லாம் அடுத்தடுத்து வரும். வகை பிரிக்கும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கவிதைக்கு மட்டும் ஏறக்குறைய இடமே இல்லை. அக்கிலஸ் டாட்டியஸின் காதல் கதையில் நடையைப் புகழ்வார்; ஆபாசத்தைக் கண்டிப்பார். ஹெராக்லியா நகரின் வரலாற்றை மெம்னான் எழுதிய நூலில் 9 முதல் 16 வரையான பகுதிகளே கிடைத்தன, மற்றவற்றைப் பார்க்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்.

அவர் படித்தவற்றில் ஏறக்குறைய பாதி பிற்காலத்தில் அழிந்துபோயின. மெம்னானை நாம் அறிவது போட்டியஸ் தந்த சுருக்கத்தால்தான். பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டீசியஸ், இந்தியாவைப் பார்க்காமலே இந்தியாவைப் பற்றி எழுதினார். நாய்த்தலை மனிதர்கள் நடமாடும் அந்த நூலும் பெரும்பாலும் போட்டியஸின் குறிப்பின் வழியாகவே மிஞ்சியிருக்கிறது. சகோதரருக்காகச் செய்த வேலைக்கு இது பெரிய பலன்தான்.

அச்சு வந்தபின் சிக்கல் தலைகீழாயிற்று. நூல்கள் பெருகின, எழுதிய குறிப்பைத் தேடி எடுப்பதே பாடாகிவிட்டது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், இரண்டே பக்கத்தில் கட்டம் போட்ட ஓர் அட்டவணையை வகுத்தார். தலைப்பின் முதல் எழுத்தையும் அதற்கடுத்து வரும் முதல் உயிரெழுத்தையும் கொண்டு கட்டத்தைக் கண்டுபிடித்து, பக்க எண்ணை அதில் போட வேண்டும். முறை 1686-இல் பிரெஞ்சில் வெளியானது; ஆங்கிலத்தில் 1706-இல், அவர் இறந்தபின் வந்தது.

சார்லஸ் டார்வின் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். படிக்க வேண்டியவை, படித்து முடித்தவை என்ற பட்டியல்களை 1838 முதல் 1860 வரை எழுதிவந்தார். மால்தஸின் மக்கள்தொகை நூலோடு பயண நூல்கள், வாழ்க்கை வரலாறுகள், நாவல்களும் அவற்றில் உண்டு. மேலோட்டமாகப் புரட்டியதையும் மறைக்காமல் குறித்திருக்கிறார். உள்ளடக்கக் குறிப்பு வேறிடத்தில்: வேண்டிய பக்க எண்களை நூலின் கடைசி வெற்றுத்தாளில் எழுதுவார், அதிலிருந்து எடுத்த குறிப்புகள் பொருள்வாரியாகப் பெரிய உறைகளுக்குப் போகும். தடித்த நூல் கைக்கு அடங்காவிட்டால் இரண்டாகக் கிழித்துவிடவும் தயங்கமாட்டார். எந்த நூலை எப்போது படித்தார், எந்த எண்ணம் எதன்பின் வந்தது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் கணிக்க அந்தப் பட்டியல்களில் உள்ள தேதிகளும் உதவுகின்றன.