சென்னை ரேடியோ எந்தப் பாட்டைப் போட்டால் பிழைக்கும்?

நம் அம்பத்தூர், ஆவடிக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. சென்னை வானொலி நிலையம் இருப்பது மெரீனா கடற்கரைச் சாலையில். அங்கே பாடுவதையும் பேசுவதையும் வானில் ஏற்றிவிடும் ஒலிபரப்பி இருப்பது நம் ஆவடியில். ஆகவே வானொலியைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்!

பூங்காவில் நடைப்பயிற்சி முடித்து உட்காரும் எங்கள் கூட்டத்தில் ரேடியோ பேச்சு அடிக்கடி வரும். "இப்போ யார் சார் ரேடியோ கேட்கிறாங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "நல்ல பழைய பாட்டாப் போட்டா எல்லாரும் கேட்பாங்க" என்று இன்னொருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. இந்த ஊரில் வானொலி தள்ளாடுவது இது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் 'எந்தப் பாட்டைப் போடலாம்' என்று யோசித்தார்கள். பிழைக்க வைத்தது என்னவோ வேறு ஒன்று.

1924-இல், இந்தியாவில் அரசாங்கம் வானொலி நடத்தத் தொடங்கும் முன்பே, சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் நண்பர்களோடு சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். எழும்பூர் ஹாலோவேஸ் தோட்டத்தில் 40 வாட் ஒலிபரப்பி. நம் வீட்டுக் குண்டு பல்பு அளவு மின்சாரம்தான்! பின்னர் 200 வாட் ஆனது. மாலையில் கொஞ்சம் இசை, கொஞ்சம் பேச்சு. சொந்தமாக வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். 1927-இல் பணமில்லாமல் மூடிவிட்டார்கள்.

அந்த ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்தியது. குப்பை வண்டியும் குழாய்த் தண்ணீரும் பார்க்கும் மாநகராட்சி கச்சேரியும் நடத்தியிருக்கிறது. அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெட்டி வாங்க ஜனங்களிடம் காசில்லை என்பதைப் புரிந்துகொண்டு கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலையில் காற்று வாங்க வருகிறவர் காதில் தானாக விழட்டும் என்று. மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கும் தனி நேரம் ஒதுக்கினார்கள். கிராமபோன் பாட்டும் போட்டார்கள். ஆனால் கேட்பவன் எங்கே, எத்தனை மணிக்கு இருப்பான் என்று யோசித்திருக்கிறார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் தொடங்கும் வரை அது நடந்தது.

உண்மையான நெருக்கடி வந்தது 1952-இல். டாக்டர் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். முறையாகச் சங்கீதம் பயின்றவர். சினிமாப் பாட்டு தேசத்தின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம். திரைப்பாடல்களின் நேரத்தைக் கடுமையாகக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தச் சொன்னார். கோபமடைந்த படத் தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது.

கேஸ்கரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. சமஸ்தானங்களும் ஜமீன்களும் போய்விட்ட காலம் அது. வித்வான்களுக்குச் சோறு போட யாருமில்லை. அந்த இடத்தில் வானொலி நின்றது. 1952-இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. கர்நாடகக் கச்சேரி வடக்கேயும் ஹிந்துஸ்தானிக் கச்சேரி தெற்கேயும் கேட்டது. டெல்லியில் வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழுவை அமைத்தார்கள். அதை ரவிசங்கரும் நம் டி.கே.ஜெயராம ஐயரும் நடத்தினார்கள். 1950-களின் கடைசியில் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் சென்னை நிலையத்தில் கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். எவ்வளவு பெரிய விஷயம்! டிக்கெட் வாங்கி சபாவுக்குப் போக முடியாத எத்தனையோ பேர், அப்பளம் இட்டுக்கொண்டே ராகம் கற்றுக்கொண்டது அந்த வானொலியில்தான்.

சினிமாப் பாட்டுக்கு மாற்றாக அவர்கள் உருவாக்கிய புது வகைக்கு மெல்லிசை என்று பெயர். நல்ல கவிதை வரிகள், அதிகம் ஆர்ப்பாட்டமில்லாத மெட்டு, நாலைந்து வாத்தியம். ஹார்மோனியம் கிடையாது. 1940-லேயே அதற்கு வானொலியில் தடை போட்டிருந்தார்கள். மெல்லிசைப் பாடல்களில் அருமையானவை உண்டு. ஆனால் தெருவில் யாரும் அவற்றை முணுமுணுத்து நான் கேட்டதில்லை. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1963-இல் விஸ்வநாதன்-ராமமூர்த்திக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தார்கள். சினிமாவுக்கு மாற்றாக வானொலி வளர்த்த அந்தச் சொல்லைச் சினிமாக்காரர்களே முடிசூடிக் கொண்டுபோய்விட்டார்கள்!

இந்த இடைவெளியில் நுழைந்தது சிலோன் ரேடியோ. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் தங்கள் படைகளுக்காகக் கொழும்பு அருகே அமைத்த சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்ததும் இலங்கை வானொலி வசம் வந்தது. அதற்கு இந்தியா முழுவதும் எட்டும் வலு இருந்தது. இந்திக்காரர்களுக்கு 1952 டிசம்பரில் பினாகா கீத்மாலா ஆரம்பமானது. நமக்கு மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது. 'பொங்கும் பூம்புனல்' என்றதும் உங்களில் பலருக்கு இப்போதே காலை நேரத்துக் காபி மணம் வந்திருக்கும்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். டீக்கடை, சலூன், சைக்கிள் கடை எங்கும் சிலோன்தான். அலை ஏறும், இறங்கும், நடுவில் சீழ்க்கை அடிக்கும். ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பார். ஆவடி ஒலிபரப்பி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் ஒலி கண்ணாடி மாதிரி இருக்கும். அதை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வரும் கரகரப்பைக் கேட்டோம்.

ஏன்? சினிமாப் பாட்டு என்பது பாதி பதில்தான். எங்கள் அறையில் நாங்கள் நாலு பேர். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் வடாற்காடு, ஒருவர் பாலக்காடு, நான் தஞ்சாவூர்ப் பக்கம். டன்லப், டி.ஐ. சைக்கிள், ஆவடி டாங்கித் தொழிற்சாலை என்று பிழைப்புத் தேடி வந்த ஊர் இது. யாருக்கும் இங்கே முகவரி கிடையாது. லாட்ஜ் பெயரும் அறை எண்ணும்தான். அப்படிப்பட்டவன் எழுதிய அஞ்சலட்டையைக் கொழும்பில் ஒருவர் எடுத்து, அவன் பெயரையும் ஊரையும் திருத்தமான தமிழில் வாசிக்கிறார் என்றால் சும்மாவா? எங்கள் திருநெல்வேலி நண்பரின் பெயர் ஒரு நாள் வந்துவிட்டது. என்ன பாட்டு போட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் வந்ததற்காக அவர் அன்று எங்களுக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

டெல்லியும் விரைவிலேயே புரிந்துகொண்டது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி வந்தது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த பெரிய சிற்றலை ஒலிபரப்பிகள் வழியாக, தடை செய்த அதே சினிமாப் பாட்டை அரசாங்கமே போட்டது. அதுவும் கேஸ்கர் அமைச்சராக இருந்தபோதே! 1969-இல் சென்னையில் வர்த்தக ஒலிபரப்பு. தேன்கிண்ணம், நேயர் விருப்பம் எல்லாம் நம் வீட்டு நேரத்தை ஒழுங்கு செய்தன. இன்ன பாட்டு முடிந்தால் குளிக்கப் போக வேண்டும், இன்ன நிகழ்ச்சி வந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரமில்லாத வீடுகளும் நடந்தன.

பிறகு நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான் தொடங்கியது. அதைக் கேட்கும் பெட்டி நம்மிடம் இல்லாததால் பல வருடம் அது சும்மா கிடந்தது. 2003-இல் சூரியனும் மிர்ச்சியும் தனியார் அலைவரிசைகளாக வந்தன. 2006 முதல் ஹலோ, ஆஹா, ரேடியோ சிட்டி, பிக் என்று வரிசை கட்டின. எல்லாவற்றிலும் ஏன் ஒரே பாட்டு என்று கேட்போமே, அதற்குக் காரணம் இருக்கிறது. சொந்தமாகச் செய்தி சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. வருமானம் விளம்பரத்தில் மட்டும். விளம்பரக்காரருக்கு வேண்டியது செலவு செய்யும் வயதுக்காரர்கள். ஆகவே ஒருவரும் ஆபத்தான பாட்டைப் போடத் துணிவதில்லை.

அந்த முறையின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. 1950-களில் தொலைக்காட்சி வந்து மாலை நேரத்தைப் பறித்துக்கொண்டபோது, ஓமஹா நகரில் ஒரு சிறு நிலையம் நடத்திய டாட் ஸ்டார்ஸ் என்பவர், ஜனங்கள் விரும்பும் சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டார். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் ஜனங்கள் ஒரே பாட்டைப் பலமுறை கேட்டதைப் பார்த்து இந்த யோசனை வந்தது என்பார்கள். அங்கே வானொலிக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் இன்று அதே வேலையைக் கைப்பேசி இன்னும் நன்றாகச் செய்கிறது. வேண்டிய பாட்டை, வேண்டிய போது, விளம்பரமில்லாமல்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகமிருக்கிறதா? செயற்கைக்கோள் வானொலி, ஏ.ஆர்.ரஹ்மான் அதற்கு இசை அமைத்தார். சந்தா கட்டினால் 'ஸ்ருதி' அலைவரிசையில் இருபத்துநாலு மணி நேரமும் கர்நாடக சங்கீதம். எங்கள் தெருவில் ஒருவர் அந்தத் தட்டு ஆன்டெனாவை ஜன்னலில் வைத்து தெற்கா கிழக்கா என்று திசை தேடுவார். இசைத் தேர்வில் ஒரு குறை சொல்ல முடியாது. 2009 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. நல்ல பாட்டு மட்டும் போதுமென்றால் அது நின்றிருக்காது. அதில் பாட்டு இருந்தது. நாம் இல்லை.

சரி, என்னிடம் ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் என்ன செய்வேன்? யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

வானொலியின் சொந்தக் கிடங்கில் இருக்கும் மெல்லிசைப் பதிவுகளை எடுத்து நாளைக்கு ஒன்று போடலாம். எழுதியவர், மெட்டமைத்தவர், வயலின் வாசித்தவர் யார் என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு. திருமுல்லைவாயலிலோ திருவேற்காட்டிலோ கோயிலில் நடக்கும் நாகஸ்வரத்தை, வண்டிச் சத்தத்தோடு அப்படியே நேரடியாகக் கொடுக்கலாம். இவை என் வயசுக்காரர்களுக்கு. நாங்கள் இன்னும் எத்தனை வருடம் கேட்போம்?

முக்கியமானது வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்று டீக்கடையில் நின்று பாருங்கள். ஒடிசா, பீகார், அசாம், வங்காளப் பையன்கள். எட்டுப் பேர் பத்துப் பேர் ஓர் அறையில். 1970-இல் நாங்கள் இருந்த அதே நிலைமை, மொழி மட்டும் வேறு. அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் எந்த வானொலியும் அவர்களை நோக்கி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஷிஃப்ட் மாறும் மதியம் இரண்டு முதல் மூன்று வரை ஒரு நேயர் விருப்பம் வையுங்கள். ஓர் ஒடியாப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு போஜ்புரி, மறுபடி ஒரு தமிழ். இடையில் பாட்டின் பொருளை இரண்டு மொழியிலும் இரண்டு வரி. பட்டரவாக்கம் பையன் கேட்ட பாட்டை வீட்டில் இருக்கும் நாமும் கேட்போம், நம் டி.எம்.எஸ்ஸை அவன் கேட்பான். ஆகாசவாணிக்குக் கைப்பேசிச் செயலி இருப்பதால் அவன் அம்மாவும் ஊரில் கேட்கலாம். மகன் பெயரை மெட்ராஸ் ரேடியோவில் சொன்னார்கள் என்று அங்கே பஜ்ஜி யாராவது வாங்கிக் கொடுக்கட்டுமே.

"தமிழ் நிலையத்தில் எதற்கு ஒடியா?" என்று பூங்காவில் ஒரு நண்பர் கோபப்பட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பையன்களில் பலர் கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள். (அறிவிப்பாளர் 'கஞ்சம்' என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம் காதில் வேறு பொருளில் விழும்!) அந்தக் கஞ்சம் 1936-இல் ஒரிசா தனி மாகாணமாகும் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-இல் தம் கிளப்புக்கு 'சென்னை மாகாண' என்று பெயர் வைத்தபோது, இந்தப் பையன்களின் தாத்தாக்களும் அந்த மாகாணத்துக்காரர்கள்தான்.