பைண்டிங் பட்டறையிலிருந்து ஒருவன் – 3: இரவில் வந்த வண்டி

ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்துக்கு மைக்கேல் ஃபாரடேவுக்கு என்ன பதில் கிடைத்தது? போன வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். பதில் எழுத எதுவுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

1812 அக்டோபர். ஏழாண்டு தொழில் பழகும் காலம் முடிந்து, லண்டனில் டி லா ரோஷ் என்ற முன்கோபக்கார முதலாளியிடம் கூலிக்குப் புத்தகம் பைண்ட் செய்துகொண்டிருந்தான் ஃபாரடே. வயது 21. கொல்லரான தகப்பனார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் கற்றது எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் மட்டுமே.

ஆனாலும் அவன் கையில் ஒன்று இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், தொழில் பழகிய கடைக்கு வந்துபோகும் வில்லியம் டான்ஸ் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டிருந்தான். மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து குறிப்பெடுத்தான். வீட்டுக்கு வந்து அதை விரித்து எழுதினான். மேடையில் பார்த்த கருவிகளைப் படமாக வரைந்து சேர்த்தான். பிறகு தாள்களைத் தானே தைத்து, அட்டை போட்டுப் புத்தகமாக்கினான். 300 பக்கம் இருக்கும். டிசம்பரில் ஒரு கடிதத்தோடு அதை டேவிக்கே அனுப்பிவைத்தான்.

பேங்க்ஸிடம் போனது வெறும் விண்ணப்பம். டேவியிடம் போனது செய்து முடித்த வேலை. எந்தத் தொழிலைவிட்டு வெளியேறத் துடித்தானோ, அந்தத் தொழில்தான் அவனுக்காகப் பேசியது.

டிசம்பர் 24 தேதியிட்டு டேவியிடமிருந்து அன்பான பதில் வந்தது. ஜனவரியில் நேரில் சந்தித்தார்கள். வேலை? இல்லை. விஞ்ஞானத்தில் காசு கிடைக்காது, பைண்டிங்கையே விடாமல் செய் என்று டேவி புத்திமதி சொன்னார். பைண்டிங் வேலைகளைத் தருவதாகவும் வாக்களித்தார். எந்த வாசலில் நுழைய ஆசைப்பட்டானோ, அங்கிருந்தே பழைய பட்டறைக்கு வழிகாட்டிவிட்டார்கள்.

பிப்ரவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்குள் ஒரு சண்டை. ஆய்வகப் பணியாளர் வில்லியம் பெய்ன் கருவி செய்பவரை அடித்துவிட, பெய்னுக்கு வேலை போயிற்று. ஒரு நாள் இரவு, ஃபாரடே படுக்கப்போகும் நேரத்தில், வேமவுத் தெரு வீட்டு வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அதில் வந்த பணியாள் டேவியின் சீட்டை நீட்டினான்: காலையில் வந்து பார்க்கவும்.

1813 மார்ச் 1 அன்று வேலை உறுதியானது. வாரம் 25 ஷில்லிங், மேல்மாடியில் இரண்டு அறை, எரிபொருள், மெழுகுவத்தி. குடுவை கழுவுவதும் உரைகளுக்குக் கருவிகளை எடுத்துவைப்பதும்தான் வேலை. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்டோபரில் அடுத்த சோதனை வந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே நெப்போலியனின் அனுமதிச் சீட்டோடு டேவி ஐரோப்பா புறப்பட்டார். உதவியாளனாக ஃபாரடேவும் கூடப் போவதாக ஏற்பாடு. கிளம்பும் வேளையில் டேவியின் அந்தரங்கப் பணியாள் வர மறுத்துவிட்டான். பாரிஸில் வேறு ஆள் கிடைக்கும்வரை அவன் வேலையையும் நீயே பார் என்றார் டேவி. ஃபாரடே சம்மதித்தான்.

அதே வண்டியில் டேவியின் மனைவி ஜேனும் ஏறினாள். அவள் கண்ணுக்கு ஃபாரடே விஞ்ஞானியின் உதவியாளன் அல்ல, வெறும் வேலைக்காரன். பாரிஸில் அந்த வேறு ஆள் கிடைத்தானா? எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று ஃபாரடே நண்பனுக்கு எழுதும் அளவுக்கு அந்தப் பயணத்தில் என்ன நடந்தது?

(அடுத்த வாரம்)