தூய பனிமய மாதா பேராலயம், தூத்துக்குடி

தூய பனிமய மாதா பேராலயம் தமிழ்நாட்டின் தூத்துக்குடி நகரில், கடற்கரைக்கு அருகில் அமைந்துள்ள கத்தோலிக்கத் திருத்தலம் ஆகும். முத்துக்குளித்துறைப் பரதவர்களின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. தற்போதுள்ள கட்டிடம் 1713 ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பெயர்க்காரணம்

உரோமை நகரின் எஸ்குயிலின் குன்றில் கோடைக்காலத்தில் பனி பெய்ததாகவும், அவ்விடத்தில் மரியாவுக்குக் கோயில் எழுப்பப்பட்டதாகவும் மரபுக்கதை உண்டு. அக்கோயிலே புனித மரியா பெருங்கோவில் ஆகும். அதன் நேர்ந்தளிப்பு நாளான ஆகத்து 5 அன்றே தூத்துக்குடியிலும் திருவிழா கொண்டாடப்படுகிறது.

வரலாறு

முத்துக்குளிப்பு உரிமை குறித்த பூசலில் போர்த்துக்கேயரின் உதவியை நாடிய பரதவர்கள், 1530களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542 இல் புனித பிரான்சிசு சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். மாதாவின் மரத்திருவுருவம் 1555 இல் மணிலாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டதாக மரபு கூறுகிறது. 1582 இல் இயேசு சபையினரின் கோயில் ஒன்று இங்கு நேர்ந்தளிக்கப்பட்டது.

1658 இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்தக் கிறித்தவர்கள் ஆவர். அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். பழைய கோயிலையும் தம்வசப்படுத்தினர். பரதவர்களைத் தம் சபைக்கு மாற்ற அவர்கள் எடுத்த முயற்சி வெற்றி பெறவில்லை. முத்து எடுப்பதற்குப் பரதவர்களின் உழைப்பு இன்றியமையாததாக இருந்தமையால், காலப்போக்கில் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைப் பொறுத்துக்கொண்டனர். இவ்வாறு, கத்தோலிக்கரல்லாதோர் ஆட்சியிலேயே இன்றைய கோயில் எழுந்தது. இயேசு சபைக் குரு விஜிலியுசு மான்சி 1712 இல் அடிக்கல் நாட்டினார். 1713 ஆகத்து 5 அன்று கோயில் திறக்கப்பட்டது.

1982 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இக்கோயிலைப் பேராலயமாக உயர்த்தினார்.

கட்டிட அமைப்பு

கோயில் போர்த்துக்கேயக் கட்டிடக்கலைப் பாணியைச் சார்ந்தது. வெண்ணிற முகப்பு இதன் அடையாளமாகும். மாதாவின் திருவுருவம் முதன்மைப் பீடத்தின் உயரமான பகுதியில் நிறுவப்பட்டுள்ளது.

தங்கத்தேர்

பரதவர் குலத்தலைவர் தொன் கபிரியேல் வாசு கோமசு செய்தளித்த தங்கத்தேர் 1806 இல் முதன்முதலாக ஓடியது. இதனால் அவர் தேர்மாறன் எனவும் அழைக்கப்படுகிறார். தமிழகக் கோயில் தேர்களைப் போலவே இதுவும் மக்களால் வடம் பிடித்து இழுக்கப்படுகிறது. ஆண்டுத் திருவிழா சூலை 26 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கினும், தங்கத்தேர் சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே பவனி வருகிறது. கோயிலின் முந்நூறாம் ஆண்டான 2013 இலும், பின்னர் 2023 இலும் தேரோட்டம் நடைபெற்றது.